பின்னணியத்தில் உறங்கியவர்



போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் போன பிறகும், ஒரு பையன் மட்டும் மாதா கெபிக்குக் கீழே கானோரமாகக் குந்தியிருந்தான். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். மேலே தேயிலைக் காட்டிலிருந்து செம்மண் தண்ணீர் கானில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. உரிந்து கிடந்த கற்பூர மரப்பட்டை ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கூராகக் கிள்ளி, மறுமுனையை மட்டமாக விட்டுப் படகு செய்திருந்தான். தண்ணீரில் விடுவான். இரண்டு முழம் போகும். அதற்குள் மேலிருந்து ஒரு தண்ணீர்த் திரள் வந்து அந்த மட்டமான பின்பக்கத்தில் முட்டும். படகு குறுக்கே திரும்பும், புரளும். ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி விடுவான். நாலைந்து முறை பார்த்துவிட்டு, "பின்னாடியும் கூராக் கிள்ளிப் பாரு தம்பி" என்றேன். கிள்ளினான், விட்டான். படகு கீழே குழாய்ப்பாலம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் அவனுக்குத் திருப்தி இல்லை. "ரெண்டு பக்கமும் கூரா இருந்தா எது ஃபாதர் முன்னாடி?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் அலைந்தேன்.

நான் கடற்கரையில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மலைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் கோபம் வந்தால் குமரி மாவட்டத்துப் பேச்சு வந்துவிடுகிறது, நீங்களும் வாயைப் பொத்திச் சிரிக்கிறீர்கள். என் அப்பாவின் வள்ளத்துக்கு முன்முனையான அணியமும் கூர், பின்முனையான பின்னணியமும் கூர். சின்ன வயதில் எனக்கும் இதே சந்தேகம். அப்பா சொன்ன பதில் இது: "உள்ளே போறப்ப அலை நேரே முகத்துக்கு வரும் மக்கா, பாத்துக்கிடலாம். கரைக்கு வாறப்பதான் பயம். முதுகுக்குப் பின்னால வரும்."

கடல் தெரியாத உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னாலிருந்து எழும் அலை படகின் பின்பகுதியைத் தூக்கும். அந்தப் பகுதி அகலமாக, மட்டமாக இருந்தால் ஒரேயடியாகத் தூக்கிவிடும். முன்பகுதி தண்ணீருக்குள் குத்தும். சுக்கானுக்குப் பிடி இருக்காது. படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை வந்து புரட்டிப் போட்டுவிடும். பின்னணியம் கூராக இருந்தால் அலை அங்கே இரண்டாகப் பிரிந்து, படகின் இரு விலாவையும் தடவிக்கொண்டு முன்னே போய்விடும். படகு கட்டுகிறவர்கள் இதைப் பற்றி இன்றைக்கும் வாதாடுவார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. நான் என் அப்பாவின் கட்சி.

இதே கட்சியில் சேர்ந்த இன்னொருவர் நார்வே நாட்டில் இருந்தார். வட ஐரோப்பாவின் கப்பல் நமக்குப் புதிதல்ல. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது டென்மார்க்குக் கப்பலில்தான். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அவரால். நான் சொல்ல வந்தது அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, லார்விக் என்ற ஊரில் படகு கட்டிய காலின் ஆர்ச்சர் என்பவரைப் பற்றி. 1832ல் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்தக் கரையில் குளிர்காலப் புயலில் மீனவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1891ல் கடல் மீட்புக்கென்று அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்காக ஆர்ச்சர் வரைந்து கட்டிய முதல் மீட்புப் படகு 1893ல் நீரில் இறங்கியது. இயந்திரம் கிடையாது, பாய் மட்டும்தான். இரண்டு முனையும் கூர். மற்றப் படகுகளெல்லாம் கரைக்கு ஓடிவரும் நேரத்தில் இந்தப் படகு கடலுக்குள் போக வேண்டும். போய், தத்தளிக்கும் மீன்பிடிப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, பின்னாலேயே துரத்தி வரும் அலைகளோடு வீடு திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்காகவே அந்தப் பின்னணியத்தைச் செதுக்கினார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் படகின் அழகு அப்படிப்பட்டது. பின்னால் உல்லாசமாகப் பாய்மரப் பயணம் போகிறவர்களும் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். 1920களில் வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் அதைச் சிறிதாக்கி, 'எரிக்' என்று பெயர் சூட்டி ஒரு வரைபடம் போட்டார். அது எப்படியோ சுற்றி நம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கே வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளைஞர், படகு கட்டுவதற்காக இங்கிலாந்துக்கு எழுதி வரைபடம் கேட்டார். அவர் கேட்டது வேறு, தபாலில் வந்தது இது. திருப்பி அனுப்ப நேரமில்லை என்று வந்ததையே கட்டினார்கள். நம் நாட்டுத் தேக்கு, நம் நாட்டுத் தச்சர்கள், கைக்கருவிகள். நீளம் 32 அடி. பெயர் 'சுஹைலி'. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர் அது. நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அதுபோல.

கேட்டது வேறு, கிடைத்தது வேறு. இது நம் எல்லோருக்கும் நடந்த கதைதானே? எத்தனை பேர் என்னிடம் வந்து, "நான் கேட்ட வாழ்க்கை இது இல்ல ஃபாதர்" என்று சொல்லியிருக்கிறீர்கள்! தபாலில் மாறி வந்த அந்த வரைபடம்தான் 1968 ஜூன் 14ல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், ஒற்றை ஆளோடு உலகத்தைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ல் அதே துறைமுகத்துக்குத் திரும்பியது. அதற்கு முன்னால் அப்படிச் செய்தவர் எவரும் இல்லை. தனியாக, நிற்காமல் உலகத்தைச் சுற்றுவதற்கென்றே வைத்த போட்டி அது. புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். முடித்தது பம்பாய்த் தேக்கு மட்டும்.

நடுவழியில் படகின் அடியில் ஏரா என்ற அடிக்கட்டையை ஒட்டிய பலகை இடுக்கு விட்டுக்கொண்டது. அந்த மனிதர் நடுக்கடலில் மூச்சுப் பிடித்துக் குதித்து, படகுக்கு அடியில் போய், அந்த இடுக்கைத் திணித்து மூடிக் கலப்பத்து அடைத்தார். ஒரு மூச்சுக்குக் கொஞ்சம், இன்னொரு மூச்சுக்குக் கொஞ்சம். கரையில் உட்கார்ந்து கலப்பத்து அடைப்பதே எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை நான் பார்த்து வளர்ந்தவன்.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். மாற்கு நான்காம் அதிகாரம். சாயங்காலம். அக்கரைக்குப் போவோம் என்கிறார் ஆண்டவர். புயல் எழுகிறது. படகில் தண்ணீர் நிரம்புகிறது. அவர் எங்கே இருந்தார்? படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். சீடர்கள் எழுப்புகிறார்கள், எங்களைப் பற்றிக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். எழுந்து காற்றை அதட்டுகிறார். அமைதி.

குருமடத்தில் படித்த காலம் முதல் எத்தனையோ தடவை இதைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருக்கிறேன். எப்போதும் அந்த அதட்டலைப் பற்றியே பேசினேன். 'பின்பக்கம்' என்ற சொல்லைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டேன். மீனவன் மகன், எனக்கே தோன்றவில்லை. அந்தப் பையனின் மரப்பட்டைப் படகைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. துரத்தி வரும் அலை முதலில் மோதும் இடம் பின்னணியம். ஆண்டவர் தலை சாய்த்திருந்தது அந்த இடத்தில்.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? இந்த மலையில் நமக்கும் பின்பக்கத்துப் பயம் உண்டு. வீட்டுக்கு முன்னால் பள்ளத்தாக்கு, அழகான காட்சி, சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். நாம் பயப்படுவது அதைப் பார்த்து அல்ல. வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி வெட்டி நிறுத்தியிருக்கிறோமே, அந்த மண்மேட்டைப் பார்த்துத்தான். 2009 நவம்பரில் ஒரே வாரத்தில் நம் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழை ராத்திரியில் பின்சுவர்ப் பக்கம் பிள்ளைகளைப் படுக்க வைக்காத வீடுகள் இங்கே இருக்கின்றன. தகப்பன் அந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறான். நான் வீடு மந்திரிக்க வரும்போது பார்த்திருக்கிறேன்.

பின்சுவரோரம் படுத்திருக்கும் அந்தத் தகப்பனை நினைத்துக்கொண்டு மாற்குவை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும் அலை எது, சகோதர சகோதரிகளே? முன்னால் வருவதைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். கொழுந்து விலை, பிள்ளை படிப்பு, ஓய்வூதியம். பின்னால் வருவதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. செய்த ஒரு தவறு. அம்மாவிடம் கடைசியாகச் சொன்ன ஒரு சொல். வாங்கிய கடன். கலைத்த ஒரு கரு. குடித்துக் கழித்த பத்து வருடம். அதெல்லாம் முடிந்துபோனது என்று சொல்லிக்கொள்கிறோம். முடியவில்லை. திருந்தி வீட்டுப் பக்கம் திரும்புகிற அன்றைக்குத்தான் அது எழுந்து நின்று துரத்துகிறது. குடியை விட்டு மூன்று மாதம் ஆன ஒருவர் என்னிடம் சொன்னார்: "குடிச்சிட்டிருந்தப்ப ஒண்ணும் தெரியல ஃபாதர். இப்பதான் எல்லாம் ஞாபகம் வருது." கரைக்கு வரும்போதுதான் பயம் என்று அப்பா சொன்னாரே, அது இது.

நம் பங்கில் ஒரு பாட்டி இருந்தார்கள், இப்போது ஆண்டவரிடத்தில். உங்களில் பாதிப்பேரின் வீட்டுப் பெரியவர்களைப் போல அவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள். 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக. யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, இங்கே 1968ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள், டான்டீ என்று நாம் சொல்கிறோமே, அதற்கு. அந்தப் பாட்டி வந்தது 'இராமானுஜம்' கப்பலில். ஒருநாள் நன்மை கொடுத்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், கப்பலில் எப்படி இருந்தது என்று. "கப்பல் நகந்ததும் எல்லாரும் பின்பக்கம் போய் நின்னுட்டோம் சாமி. முன்னாடி ஒருத்தரும் போகல" என்றார்கள்.

எனக்கு அன்று பேச்சு எழவில்லை. புதுத் தேசத்தைப் பார்க்க ஒருவரும் முன்னால் போகவில்லை. புதைத்த பிள்ளைகள், நட்ட செடிகள், பிரட்டுக்களம், பாடிய கோயில், எல்லாம் பின்னால் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு பின்னணியத்தில் நின்றிருக்கிறார்கள். ஆண்டவரும் அங்கேதான் இருந்திருக்கிறார், பாட்டி. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த 1968 போட்டிக்குத் திரும்புகிறேன். அதில் வீடு திரும்ப முடியாமல் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பது பெயர். மனைவி, நான்கு பிள்ளைகள். வீடும் தொழிலும் கடனுக்கு ஈடாக நின்றன. அவசரத்தில் கட்டிய படகு. அட்லாண்டிக்கில் கொஞ்ச தூரம் போனதுமே அது உலகத்தைச் சுற்றத் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் கடன், அவமானம். தொடர்ந்து போனால் சாவு. மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, தான் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பதாக வானொலியில் பொய்க்கணக்குச் சொன்னார். பிறகு போட்டியில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ, கரையில் அவரை வரவேற்க ஏற்பாடு நடந்தது. கூட்டம் வரும், குறிப்பேட்டைக் கேட்பார்கள், பார்ப்பார்கள். 1969 ஜூலை 10ஆம் தேதி அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. பொய்க்கணக்கும் உண்மைக்கணக்கும் உள்ளேயே இருந்தன. அவர் எப்படிப் போனார் என்பதை ஆண்டவர் அறிவார்.

இதைக் கேட்டு யாரும் தலையை ஆட்ட வேண்டாம். நம் வீடுகளில் பொய்க்கணக்கு இல்லையா? திருப்பூரிலிருந்து போன் செய்து, "நல்லா இருக்கேம்மா, வேலை நல்லா போகுது" என்று சொல்லும் பிள்ளை வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். வாடகைக்கு வழி இல்லாமல் இருக்கலாம். ஏன் உண்மையைச் சொல்லவில்லை? திரும்பி வந்தால் இந்தத் தெருவில் நாம் எப்படிப் பார்ப்போம் என்று அவனுக்குத் தெரியும். நாம்தான் அந்த அலை என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். திரும்பி வருகிறவனின் முதுகில் மோதும் அலை.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசு முழுவதையும் குரோஹர்ஸ்ட்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். பொய் அம்பலமான பிறகும் கொடுத்தது கொடுத்ததுதான் என்று நின்றார். அவர் ஒன்றும் பெரிய பணக்காரர் இல்லை. பத்து மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்து சம்பாதித்த பணம் அது. இரக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அலை வந்து மோதும் இடத்தில் ஒருவர் நின்றுகொண்டார். அந்தப் பிள்ளைகளின் மேல் விழ வேண்டியது கொஞ்சமாவது இரண்டாகப் பிரிந்து போனது.

2018ல் அந்தப் பழைய போட்டியை மறுபடி நடத்தினார்கள். நம் பக்கத்துக் கேரளத்து மகன் அபிலாஷ் டோமி, அப்போது கடற்படை அதிகாரி, கோவாவில் சுஹைலியைப் போலவே கட்டிய 'துரியா' என்ற படகில் போனார். செப்டம்பர் 21ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது. அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. ஆஸ்திரேலியக் கரையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், எழுந்திருக்க முடியாமல் படகுக்குள் கிடந்தார். அதே புயலில் இன்னொரு போட்டியாளருக்கும் பாய்மரம் போயிற்று. கிரெகர் மெகக்கின் என்ற அயர்லாந்துக்காரர். அவர் உடைந்த கம்பை நிறுத்தி ஒரு துண்டுப் பாயைக் கட்டிக்கொண்டு, அபிலாஷ் கிடந்த திசைக்குப் படகைத் திருப்பினார். கடைசியில் செப்டம்பர் 24ல் 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து இருவரையும் தூக்கியது. ஆனால் அந்த மூன்று நாளும், பாய்மரம் இல்லாத ஒருவன் பாய்மரம் இல்லாத இன்னொருவனை நோக்கி வந்துகொண்டிருந்தான். நாலு வருடம் கழித்து அதே போட்டியில், பின்லாந்துக்காரர் ஒருவரின் படகு மூழ்கியபோது, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் என்ற பெண் போட்டியை நிறுத்திவிட்டுப் போய் அவரை மீட்டாள். பிறகு போட்டியைத் தொடர்ந்தாள். முதலாவதாகவும் வந்தாள். இரண்டாவதாக வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? முதுகு நொறுங்கிய நம் அபிலாஷ்.

மாற்கு ஒரு சின்னக் குறிப்பு போட்டிருக்கிறார், அதையும் நான் பல வருடம் கவனிக்கவில்லை. அன்று இரவு ஆண்டவர் இருந்த படகோடு வேறு படகுகளும் இருந்தனவாம். அவற்றைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அமைதி உண்டானபோது அந்தப் படகுகளுக்கும் சேர்த்துத்தானே உண்டானது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், கடலைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் தெரியாது.

1942ல் ஸ்வீடன் நாட்டில் 'மக்கள் படகு' என்று ஒன்றை இறக்கினார்கள். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், விடுமுறைக்குப் போய்வர ஒரு சிறிய பாய்ப்படகு. பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள். 25 அடி நீளம், அகலம் ஏழு அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவு ஒல்லி. ஒரு வெண்டைக்காயைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போல இருக்கும். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், 1986ல் கலிலேயக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது சேற்றிலிருந்து தோண்டியெடுத்த, நம் ஆண்டவர் காலத்துப் படகும் ஏறக்குறைய இதே அளவுதான். 27 அடிக்கு ஏழரை அடி. அது பலவகை மரத்துண்டுகளால் ஒட்டுப்போட்ட ஏழைப் படகு. அந்தப் படகை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் லயத்து வீடுகளின் கூரை ஞாபகத்துக்கு வரும்.

அந்த ஸ்வீடன் படகில் முதல்முறை ஏறுகிறவர்கள் பயந்துவிடுவார்களாம். ஒல்லியான படகு, கொஞ்சம் காற்று அடித்தாலே சட்டென்று சாயும். போச்சு, கவிழப் போகிறது என்று தோன்றும். ஒரு அளவுக்குச் சாய்ந்த பிறகு நின்றுகொள்ளும். அதற்கு மேல் காற்று எவ்வளவு தள்ளினாலும் லேசில் அசையாது. காரணம் மேலே தெரியாது. மொத்த எடை இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு மேல், ஆயிரம் கிலோவுக்கும் கூடுதலான இரும்பு, தண்ணீருக்கு அடியில் ஏராவில் தொங்குகிறது. படகு சாயச் சாய அந்த இரும்பு நிமிர்த்தி இழுக்கும்.

சாய்ந்து கிடக்கிறவர்கள் இந்தக் கோயிலில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சில பேர் கடைசிப் பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கவிழ்ந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஞானஸ்நானத்தன்று உங்கள் அடியில் கட்டிவிட்டது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அது உங்களால் வந்ததல்ல, அதனால் உங்களால் தொலைக்கவும் முடியாது. இத்தனைக்கும் பிறகு, எந்த மூஞ்சியோடு கோயிலுக்கு வருவது என்று கேட்கிறீர்களே, வந்துதான் இருக்கிறீர்கள். அந்த இரும்புதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

ஊட்டி ஏரியில் படகு விடுகிறார்கள், பார்த்திருக்கிறீர்கள். சல்லிவன் துரை 1824ல் வெட்டிய ஏரி. டிக்கெட் எடுத்து, மிதித்து, ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து இறங்கிவிடலாம். அந்தப் படகுகளின் பின்பக்கம் எப்படி இருந்தாலும் ஒன்றுமில்லை, அங்கே அலையே கிடையாது. நம் வாழ்க்கை ஏரியில் நடந்திருந்தால் நானும் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன்.

அந்தப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். தம்பி, வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் முன்பக்கம்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதத்தில் நம் பங்கில் மூன்று பேர் ஊர் திரும்பியிருக்கிறார்கள். யார் யாரென்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல மாட்டேன். ஏன் வந்தார்கள் என்று கேட்காமல் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒரு டீ கேட்டு வாங்கிக் குடியுங்கள். அவர்களைப் பற்றி யாராவது குழாயடியில் பேச்செடுத்தால், அந்தப் பேச்சு உங்களோடு நிற்கட்டும்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தாலும், கரண்ட் போனாலும், இரவு எட்டு மணி வரைக்கும் அங்கேயே இருப்பேன். ஆமென்.